மிலியானின் வாரிசு யார்? வைப்ரஃபோனை நடுவில் வைத்த போலந்து ஜாஸ் ஆல்பங்கள்

போலந்து ஜாஸ் என்று பேச்செடுத்தால் தொமாஷ் ஸ்டான்கோவின் டிரம்பெட் வரும், க்ஷிஷ்டோஃப் கொமேடாவின் பியானோ வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் 1956 ஆகஸ்டில் சோபோட் என்ற கடற்கரை நகரில் நடந்த ஜாஸ் விழாவில் கொமேடாவின் ஆறு பேர் குழு மேடையேறியபோதே அதில் ஒரு வைப்ரஃபோன் இருந்தது. வாசித்தவர் போஸ்னான்காரரான யெஜி மிலியான். அப்போது அவருக்கு 21 வயது. 2018இல் அவர் காலமானார். அந்த வாத்தியத்தை இன்று கையில் எடுத்திருப்பவர்களின் ஆல்பங்களில் எதை முதலில் கேட்கலாம், எதற்குக் காசு செலவழிக்கலாம் என்று பார்ப்போம்.

நான் எடுத்துக்கொண்டவை மூன்று. பெர்னார்ட் மசேலி செப்டெட்டின் 'குட் வைப்ரேஷன்ஸ் ஆஃப் மிலியான்'. ஓலெஷ் சகோதரர்கள் ஜெர்மானியரான கிறிஸ்டோஃபர் டெல்லுடன் சேர்ந்து செய்த 'கொமேடா அஹெட்'. இளைய தலைமுறையைச் சேர்ந்த மார்ச்சின் பாத்தேர் ட்ரியோவின் 'நத்திங் பட் ட்ரபுள்'. என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மிலியானின் பெயரைச் சுமந்து வருவது முதல் ஆல்பம். அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வது மற்ற இரண்டும்.

அப்படிச் சொல்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது மிலியான் ட்ரியோவின் 'பாஸார்'. 1969இல் மூஸா நிறுவனத்தின் 'போலிஷ் ஜாஸ்' வரிசையில் 17ஆவது தொகுதியாக வந்தது. மிலியான், பேஸில் யாட்செக் பெட்னாரெக், டிரம்ஸில் க்ஷெகோஷ் கியெர்வோவ்ஸ்கி. சில இடங்களில் ஏவா வனாத்தின் குரல். அவ்வளவுதான் கூட்டம். பியானோ கிடையாது, கிடார் கிடையாது, ஊதுகிற வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. 'மெமரி ஆஃப் பாக்', 'டெம்பஸ் ஜாஸ் 67' என்று தலைப்புகளைப் பார்த்தாலே மனிதர் எத்தனை திசைகளில் கையை நீட்டினார் என்று தெரியும்.

பியானோ இல்லை என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வைப்ரஃபோனின் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. வாத்தியத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பியானோவின் கட்டைகளைப் போலவே இரண்டு வரிசையாக அலுமினியப் பட்டைகள், வழக்கமாக மூன்று ஆக்டேவ், அதாவது மூன்று ஸ்தாயி. ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய் தொங்கும். குழாயின் வாயில் ஒரு சின்ன வட்டத்தகடு, மோட்டார் ஓடினால் அது சுழன்று வாயைத் திறந்து திறந்து மூடும். ஒலி அலையடிப்பது அதனால்தான். காலுக்கடியில் ஒரு பெடல். மிதித்தால் பட்டைகள் ஒலித்துக்கொண்டே இருக்கும், காலை எடுத்தால் ஒரு தடுப்புப் பட்டி மேலெழுந்து அத்தனையையும் ஒரேயடியாக அமுக்கிவிடும். ஒரு சுரத்தை மட்டும் நிறுத்த வேண்டுமானால் பெடலை விடாமல், தட்டும் குச்சியான மேலட்டால் அந்தப் பட்டையை மட்டும் தொட்டு அணைக்க வேண்டும். ஆக, வாசிப்பதில் பாதி தட்டுவது, மீதிப் பாதி தட்டியதை எப்போது சாகடிப்பது என்பது.

பியானோக்காரரிடம் பத்து விரல் இருக்கிறது. வைப்ரஃபோன்காரரிடம் வழக்கமாக நான்கு மேலட், கைக்கு இரண்டு. மெட்டு, அதற்கான கார்டு (பல சுரங்கள் சேர்ந்தொலிப்பது), தாளத்தை முன்னே தள்ளும் உந்துதல் மூன்றையும் அந்த நான்கு முனைகளால் கொடுக்க வேண்டும். பியானோ பக்கத்தில் இருந்தால் இந்தச் சுமை குறைந்துவிடும். வைப்ரஃபோன் மேலே மினுக்கிக்கொண்டு போகலாம். பியானோ இல்லாவிட்டால் அதன் காலி நாற்காலியை என்ன செய்வது என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்க வேண்டும். 'பாஸார்' எனக்கு இன்னும் பழசாகத் தெரியாததற்குக் காரணம், மிலியான் அந்த இடத்தை நிரப்பத் துடிக்கவில்லை. பல இடங்களில் பேஸ் நடக்கட்டும் என்று விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

இப்போது மசேலி. 1965இல் பிறந்தவர். 1980களில் தொடங்கிய வாக் அவே ஃப்யூஷன் குழு மூலம் பெயர் வாங்கியவர், மேலட்கேட் என்ற மின்னணு வாத்தியத்தை அந்நாட்டு ஜாஸில் பழக்கப்படுத்தியவர், கட்டோவிட்சே இசை அகாதெமியில் ஆசிரியர். அந்த அகாதெமியில்தான் 1968இல் போலந்தின் முதல் ஜாஸ் துறை தொடங்கியது. மிலியானும் 1970களில் அதே ஊரில் வானொலி, தொலைக்காட்சியின் கேளிக்கை இசைக்குழுவை நடத்தியவர். ஆகவே மிலியானுக்கு அஞ்சலி செலுத்த மசேலியைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் அவர் தேர்ந்தெடுத்த வழி விசித்திரமானது. ஏழு பேர் குழுவில் வைப்ரஃபோன்காரர்கள் மட்டும் மூன்று பேர்: மசேலி, தொமினிக் புகோவ்ஸ்கி, கரோல் ஷிமனோவ்ஸ்கி. (இந்த ஷிமனோவ்ஸ்கி, 1937இல் காலமான புகழ்பெற்ற போலந்து இசையமைப்பாளர் இல்லை. அந்தப் பெயரோடு ஓர் இசைக்கலைஞன் போலந்தில் பிழைப்பு நடத்துவதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.) மூன்று வைப்ரஃபோன் ஒன்றாக ஒலிப்பது கேட்கச் சுகமான ஏற்பாடுதான், ஆபத்தானதும்கூட. பட்டைகள் சுருதி சேர்க்கப்படும்போதே அடிப்படைச் சுரத்துக்கு இரண்டு ஆக்டேவ் மேலே ஓர் உபசுரமும் சேர்ந்து ஒலிக்கும்படி செதுக்கப்படுகின்றன. மூன்று பேரும் பெடலை மிதித்துவிட்டால் அந்த உபசுரங்கள் ஒன்றோடொன்று கலந்து, யார் என்ன வாசிக்கிறார் என்பதே தெரியாத ஒரு பளபளப்பு எஞ்சும். இங்கே மூவரும் அனுபவஸ்தர்கள், ஒருவருக்கொருவர் வழிவிடத் தெரிந்தவர்கள். அதனால் கூட்டம் நெரிசலாகவில்லை. ஹெட்ஃபோனில் கேட்டால் யார் மேலட் கெட்டி, யார் மேலட் மெத்து என்று கொஞ்ச நேரத்தில் பிடிபடும். மிலியானைக் கேட்டே இராதவர்களுக்கு அவர் எவ்வளவு நல்ல மெட்டுக்காரர் என்று புரியவைக்க இதைவிட நல்ல வாசல் இல்லை.

குறை என்று சொன்னால், எல்லாமே நிரம்பியிருக்கிறது. மிலியான் மூன்று பேரை வைத்துக்கொண்டு விட்ட காலியிடங்களை ஏழு பேர் அன்போடு நிரப்பிவிட்டார்கள். அஞ்சலி என்றால் அப்படித்தான் வரும், குற்றம் சொல்ல முடியாது. கேட்டு முடித்தபின் எனக்கு 'பாஸார்' போட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஒருவேளை அதுதான் அவர்களுடைய நோக்கமாகவும் இருக்கலாம்.

'கொமேடா அஹெட்' இதற்கு நேர் எதிர். மார்ச்சின் ஓலெஷ் பேஸ், பார்த்வோமியே ஓலெஷ் டிரம்ஸ். இருவரும் இரட்டையர், 1973இல் கட்டோவிட்சேவை ஒட்டிய சோஸ்னோவியெட்ஸில் பிறந்தவர்கள். டெல் 1965இல் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர், நகர அமைப்பைப் பற்றிப் புத்தகங்கள் எழுதுகிற மனிதர். வைப்ரஃபோன் வாசிப்பவரே ஜெர்மானியர் என்றால் இது எப்படிப் போலந்து ஆல்பம் என்று கேட்கலாம். எடுத்துக்கொண்ட இசையும் அதை நடத்துகிற தாளமும் போலந்தினுடையவை. எனக்கு அது போதும்.

இதன் துணிச்சலைப் பாருங்கள். கொமேடா பியானோக்காரர். காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்து இசைக்கு வந்தவர், 1965 டிசம்பரில் பதிவான 'அஸ்டிக்மாட்டிக்' மூலம் ஐரோப்பிய ஜாஸுக்கே ஒரு திசை காட்டியவர், 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்துக்கு இசையமைத்த மறு வருடமே, 1969இல், 37 வயதில் இறந்துபோனவர். போலந்தில் அவருடைய மெட்டுகளைத் தொடாத ஜாஸ்காரரே கிடையாது என்று சொல்லிவிடலாம். அவர்களில் பெரும்பாலோர் பியானோவையோ டிரம்பெட்டையோ முன்னால் வைத்தார்கள். இவர்கள் பியானோவையே தூக்கிவிட்டார்கள். பியானோக்காரரின் இசையிலிருந்து பியானோவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கொமேடாவின் மெட்டு எத்தனை சிக்கனமானது என்பது மிஞ்சுகிறது. டெல் கார்டை முழுசாக வைப்பதே அபூர்வம். இரண்டு சுரம் வைத்து, ஒன்றை உடனே அணைத்து, மற்றதை மட்டும் தொங்கவிடுவார். தொங்குகிற அந்த ஒற்றைச் சுரத்தின் கீழே பேஸ் எங்கே போய் நிற்கிறதோ அதைப் பொறுத்து கார்டு மாறிவிடுகிறது. கார்டைத் தீர்மானிப்பது இங்கே பாதி நேரம் மார்ச்சின் ஓலெஷ்தான். இரட்டையர்களுக்கு இடையிலான அந்தப் புரிதல் இல்லாவிட்டால் இந்த விளையாட்டு நடக்காது.

குளிர்ச்சியான இசை, ஒத்துக்கொள்கிறேன். மாலையில் விருந்தாளிகள் வந்திருக்கும்போது போட்டுவிடாதீர்கள். முதல் பதினைந்து நிமிடம் எதுவும் நடக்காததுபோல இருக்கும். அப்புறம் நடப்பது தெரியத் தொடங்கும்.

இதே மூவர் 'குரெட்ஸ்கி அஹெட்' என்று இன்னொன்றும் செய்திருக்கிறார்கள். கட்டோவிட்சேவில் வாழ்ந்த ஹென்ரிக் குரெட்ஸ்கி 1976இல் எழுதிய மூன்றாவது சிம்பொனி, 1992இல் வந்த ஒலிப்பதிவு மூலம் பத்து லட்சத்துக்கு மேல் விற்று உலகையே வியக்கவைத்தது. நீண்டு நீண்டு நிற்கும் நாண் வாத்தியங்களின் ஒலிதான் அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும். வைப்ரஃபோன் சுரமோ பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குவது. இந்த முரண் யோசிக்க அருமையாக இருக்கிறது, கேட்கும்போது எனக்குப் பாதி வழியில் களைப்பு வந்துவிடுகிறது. இரண்டில் ஒன்று என்றால் கொமேடாதான்.

பாத்தேரின் 'நத்திங் பட் ட்ரபுள்' 2020இல் வந்தது. வைப்ரஃபோன், பேஸ், டிரம்ஸ் என்று அதே 'பாஸார்' சட்டகம். விருந்தாளியாகக் கிடார்காரர் யாகுப் மிசெராட்ஸ்கி. வைப்ரஃபோனும் கிடாரும் ஒன்றாக வருவது ஜாஸில் பழகிய ஜோடி; 1967இல் வைப்ரஃபோன்காரர் கேரி பர்ட்டன் தன் நால்வர் குழுவில் கிடார்காரர் லாரி கோரியலைச் சேர்த்தது அதற்குப் பெயர்பெற்ற உதாரணம். ஆனால் எளிதான ஜோடி இல்லை. இரண்டின் ஒலி எல்லையும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழும், இரண்டுமே கார்டு வாசிக்கும், இரண்டுக்குமே தட்டிய நொடியில் எழுந்து தேயும் குணம். ஒரே சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு ஆட்டோபோல நின்றுவிடும் அபாயம் உண்டு. பாத்தேர் தாளத்தின் பக்கம் சாய்ந்து தப்பிக்கிறார். வாத்தியத்தை அவர் பியானோவின் தம்பியாக நடத்துவதில்லை, டிரம்ஸின் அண்ணனாக நடத்துகிறார். மேலட் பட்டையில் படும் அந்தத் 'தக்' என்ற தொடக்க ஒலியை மறைக்காமல் முன்னே வைக்கிறார். மூன்று ஆல்பங்களில் இளமையானதும் இதுதான், அலுக்காமல் மறுபடி மறுபடி கேட்கக்கூடியதும் இதுதான். எல்லா மெட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். வேகத்தில் சில இடங்களில் மெட்டு கரைந்துபோகிறது, மிலியானாக இருந்தால் நின்று மூச்சு வாங்கியிருப்பார். அடுத்து வந்த 'பிட்வீன்' ஆல்பத்தையும் கையோடு கேட்டுவிடுவது நல்லது.

புகோவ்ஸ்கியைத் தனியாகவும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஈராக்கிய வேர் கொண்ட சிகாகோ டிரம்பெட்காரர் அமீர் எல்சஃபாருடன் அவர் சேர்ந்து வாசித்திருக்கிறார். எல்சஃபார் அரபு இசையின் மகாம் என்ற சுர முறை மரபைக் கற்றவர். பியானோக் கட்டைகளுக்கு இடையில் ஒளிந்திருக்கும் நுண்சுரங்களை டிரம்பெட்டில் எடுக்கக்கூடியவர். வைப்ரஃபோனிலோ சுருதி பட்டையில் அடித்து வைத்தது, வளைக்க முடியாது. கெட்டி மேலட்டை அழுத்தி இழுத்து லேசாகச் சரியவைக்கும் உத்தி ஒன்று இருக்கிறது, அதுகூட ஜாலம்தான். கமகத்தில் வளர்ந்த காதுள்ளவர்களுக்கு இந்தச் சந்திப்பு உடனே புரியும்: ஒருவர் சுரத்தை அசைக்கிறார், மற்றவர் அசையாத சுரங்களைச் சுற்றிலும் நட்டு அந்த அசைவை அளந்து காட்டுகிறார். மேலே சொன்ன மூன்றில் இல்லாத ஒரு சுவை இது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? ஜாஸே புதிது என்றால் மசேலி செப்டெட். மெட்டு கையைப் பிடித்து அழைத்துப் போகும். ஏற்கெனவே ஜாஸ் கேட்கிறவர், ஆனால் வைப்ரஃபோன் என்றாலே ஹோட்டல் வரவேற்பறை இசை என்று ஒதுக்கி வைத்திருப்பவர் என்றால் பாத்தேர். காசு கொடுத்து ஒன்றே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதென்றால் நான் 'கொமேடா அஹெட்' பக்கம். 'பாஸார்' எவருக்கும் உண்டு. 'போலிஷ் ஜாஸ்' வரிசையை 2016இலிருந்து வார்னர் மறுபடி வெளியிட்டு வருவதால், பழைய மூஸா தட்டுக்குச் சேகரிப்பாளர்கள் கேட்கும் விலையைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.