பயிற்சி ஏடா, கூடிப் படிப்பதா?

பாம்பனில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். வரிகளைத் தடுமாறாமல் வாசித்துவிடுவார்கள். என்ன படித்தாய் என்று கேட்டால் சொல்ல வராது. இவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பத்தியும் அதன்கீழ் வினாக்களுமாக அச்சிட்ட பயிற்சி ஏடு. மற்றொன்று, நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பத்தியைப் பேசிப் பேசிப் படிப்பது. நாங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டோம்.

ஏட்டின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: விலை குறைவு, திருத்துவது எளிது, தேர்வுத்தாள் பழகிவிடும். அதன் குறையை அறிய ஒரு சோதனை போதும். "குமலிகள் தொரையில் சிலம்பின" என்று பொருளற்ற வாக்கியம் ஒன்றை எழுதி, "குமலிகள் எங்கே சிலம்பின?" என்று கேளுங்கள். "தொரையில்" என்று பிள்ளை பிழையின்றி எழுதிவிடும். வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடிப்பிடித்துப் பெயர்த்தெழுதும் பழக்கம் அது. இந்தப் பழக்கத்தைத்தான் ஏடு மேலும் மேலும் வளர்க்கிறது.

கூடிப் படிக்கும் முறைக்கு 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாலின்சாரும் பிரவுனும் தெளிவான வடிவம் கொடுத்தார்கள். அடுத்து வருவதை ஊகிப்பது, கேள்வி எழுப்புவது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, சுருக்கிச் சொல்வது என நான்கு வேலைகள். முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார். பிறகு பிள்ளைகளே முறைவைத்து நடத்துவார்கள்.

இதற்கு நாளிதழ்த் துணுக்கே போதும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை என்ற செய்தியைப் படித்துவிட்டு, மே மாதம் சந்தைக்கு வரும் மீன் யார் பிடித்தது என்று கேட்போம். விடை செய்தியில் இல்லை. "நாட்டுப்படகுக்காரர்கள்" என்று ஒரு பிள்ளை சொல்லும். எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று மற்றொன்று மடக்கும். கேரளத்திலிருந்து வந்திருக்கலாமே என்று மூன்றாவது கேட்கும். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்குகிறது என்பதால் அதுவும் சரிதான். ஒரு கேள்விக்குக் காரணத்தோடு இரண்டு விடைகள் கிடைக்கும் மாலை, எனக்கு ஏட்டின் பத்துப் பக்கங்களைவிடப் பெரிது.

இவ்வளவையும் ஒதுக்கிவைத்தாலும், எங்கள் கரையில் முடிவைத் தீர்மானிப்பது வருகைதான். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போனால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நிற்க வேண்டும். கோயில் திருவிழா, உறவினர் வீட்டு விசேஷம் என்று வாரக்கணக்கில் வராதவர்களும் உண்டு. ஏட்டில் விட்ட பக்கங்கள் வெறுமையாகவே கிடக்கும். திரும்பி வந்த பிள்ளை அவற்றைப் பார்த்துக் கூசி, அதன்பின் வகுப்பையே விட்டுவிடும். கூடிப் படிப்பதில் அன்றைய பத்தி அன்றோடு முடிகிறது. எத்தனை நாள் கழித்து வந்தாலும் வட்டத்தில் உட்கார்ந்த நிமிடமே அந்தப் பிள்ளையும் மற்றவர்களோடு சமமாகத் தொடங்கலாம். விட்டதைச் சொல்லிக்கொடுக்கத் தனி ஆள் வேண்டியதில்லை.

ஆனால் விடையை எடுத்துக்கொடுக்காமல் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் பெரியவர் ஒருவர் குழுவுக்கு வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதை நான் நடத்திப் பார்த்ததில்லை. அங்கே ஏடே கைகொடுக்கலாம். எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு இரண்டும் பயன்படாது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைப்போல அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய சில வாரங்கள் மட்டும் நாங்களும் ஏட்டை எடுக்கிறோம், எழுதும் வேகத்துக்காக.