பெங்களூரில் உலகத் தமிழ் வானொலி: நேரலையா, பாட்காஸ்டா, சிற்றலையா?

பெங்களூரில் எந்தத் தனியார் பண்பலை நிலையத்தைத் திருப்பினாலும் அவர்களே தயாரித்த செய்தி காதில் விழாது. இது அவர்களின் சோம்பேறித்தனம் அல்ல, உரிம நிபந்தனை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்துப் போடலாம். போக்குவரத்து, வானிலை மாதிரி விஷயங்களைச் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மேல் இடமில்லை. ஆகவே அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒயிட்ஃபீல்டிலோ இருந்துகொண்டு உலக நடப்பைத் தமிழில் காதால் கேட்க விரும்புகிறவர் ஊருக்கு வெளியே கை நீட்டத்தான் வேண்டும்.

வழிகள் மூன்று: வெளிநாட்டுத் தமிழ் நிலையங்களின் இணைய நேரலை, இறக்கிவைத்துக் கேட்கும் பாட்காஸ்ட், பழைய சிற்றலை (ஷார்ட்வேவ்). எந்த நிலையம் உசத்தி என்று வாதாடுவதற்கு முன்னால், உங்களுக்கு எந்த நேரத்தில் காது சும்மா இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. பாதித் தேர்வை அதுவே செய்து கொடுத்துவிடும்.

கடிகாரக் கணக்கு

வானொலிகள் செய்தியையும் அலசலையும் பொதுவாகத் தங்கள் ஊரின் காலைப் பயண நேரத்தில்தான் குவிக்கும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. அங்கே காலை 6 முதல் 9 வரை என்றால் நமக்கு விடிகாலை 3.30 முதல் 6.30. நாம் எட்டரை மணிக்கு சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது அவர்களுக்கு மணி பதினொன்று. பாட்டும் நேயர் அழைப்பும் ஓடுகிற வேளை. சிங்கப்பூரின் ஒலி 96.8ஐயோ மலேசியாவின் மின்னல் பண்பலையையோ போட்டுவிட்டு ‘செய்தியே காணோம், பாட்டாகவே இருக்கிறது’ என்று குறைப்படுகிறவர்கள் பலரும் கேட்பது இந்த நேரத்தில்தான்.

கனடா நேர் எதிர். டொராண்டோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அவர்களின் காலை 6 முதல் 9 நமக்குக் கோடையில் மாலை 3.30 முதல் 6.30, குளிர்காலத்தில் 4.30 முதல் 7.30. அலுவலகம் விட்டு வீடு திரும்பும் நேரத்தோடு அது அழகாகப் பொருந்துகிறது. டொராண்டோவின் சிஎம்ஆர் 101.3 நிலையத்தின் இணைய ஓடையில் அப்போது தமிழ் நிகழ்ச்சி ஓடினால், பனி கொட்டும் சாலைகளில் எங்கே நெரிசல் என்று ஒருவர் தமிழில் அடுக்கிக்கொண்டிருப்பதை வெளிவட்டச் சாலையில் நின்றபடி கேட்கலாம். (அதே 101.3இல் பெங்களூர்க் காற்றில் இருப்பது ஆகாசவாணியின் ரெயின்போ. தெரியாமல் ரேடியோவில் தேடிவிட்டு ஏமாற வேண்டாம்.) டொராண்டோவில் கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அந்த இரண்டு நாள்களுக்குப் பிறகு ஒரு மணி நேரம் தள்ளிப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி ஏப்ரல் தொடக்கம் முதல் அக்டோபர் தொடக்கம் வரை நாலரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை. அங்கத்திய சாயங்காலம் நமக்கு நடுப்பகல் தாண்டிய நேரம். வேலைக்குப் போகிற யாரும் அங்குள்ள எஸ்பிஎஸ் தமிழின் மாலை ஒலிபரப்பை நேரலையில் பிடிப்பது கடினம். பிடிக்கத் தேவையும் இல்லை, காரணம் கீழே.

உள்ளடக்கம்: யார் எதற்கு?

ஒலி 96.8 சிங்கப்பூரின் மீடியாகார்ப் நடத்துவது. மீலிசன் ஆப்பில் கிடைக்கும். செய்தி சுருக்கமாக வரும், வாசிப்பில் ஆங்கிலக் கலப்பு குறைவு. ஆனால் அன்றாடப் பேச்சு முழுக்க அவர்களின் வீவக வீடு (அரசு அடுக்குமாடி), மசேநிதி (ஓய்வுகாலச் சேமிப்பு), ரயில் தடங்கல். அங்கே உறவினர் உள்ளவருக்குச் சுவையாக இருக்கும், மற்றவருக்கு ஒரு வாரத்தில் அலுக்கும். மலேசிய அரசு வானொலியின் மின்னலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆர்டிஎம் கிளிக்கில் கேட்கலாம். இரண்டையும் வீட்டு வேலையின்போது பின்னணியில் ஓடவிடும் துணையாக வைத்துக்கொள்வது சரி. தினசரிச் செய்திக்கு இவற்றை நம்பியிருக்காதீர்கள்.

செய்தியும் அன்றாட வாழ்வும் ஒன்றாக வேண்டுமென்றால் எஸ்பிஎஸ் தமிழுக்குத்தான் என் ஓட்டு. 1975இல் சிட்னியிலும் மெல்பர்னிலும் குடியேறியவர்களுக்காகத் தொடங்கிய இரு சிறு நிலையங்களிலிருந்து வளர்ந்த பொது ஒலிபரப்பு நிறுவனம் எஸ்பிஎஸ். அதனால் ‘புதிதாக வந்தவருக்கு எப்படி விளக்குவது’ என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. ஆஸ்திரேலியச் செய்தி, இந்திய, இலங்கை நடப்பு, பேட்டி, வாடகை, வரி, மருத்துவக் காப்பீடு என்று துண்டு துண்டாகப் பிரித்துப் பாட்காஸ்டாகப் போடுகிறார்கள். நேரலையைத் துரத்த வேண்டாம் என்றது இதனால்தான். குறை ஒன்று உண்டு. விளக்கங்கள் எல்லாம் ஆஸ்திரேலியச் சட்டத்துக்கு உரியவை. வாடகை முன்பணம் பற்றிய பகுதியைக் கேட்டுவிட்டுப் பெங்களூர் வீட்டு உரிமையாளரிடம் பேரம் பேசப் போனால் காரியம் நடக்காது. மகனோ மகளோ அங்கே படிக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் அந்தத் துண்டுகளைத் தேடிக் கேளுங்கள். வெளிநாட்டுப் படிப்புத் தரகர் சொல்லாதது பல அதில் கிடைக்கும்.

பிபிசி தமிழைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1941இல் தொடங்கிய சேவையின் தமிழோசை சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஓடு முடிந்தது. இன்று பிபிசி தமிழ் என்றால் முதலில் எழுத்தும் வீடியோவும்தான். 2024 ஏப்ரல் முதல் அந்த உள்ளடக்கத்தைத் தயாரிப்பது கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற இந்திய நிறுவனம். ஜெர்மனியின் டாய்ச் வெல்லே தமிழும் யூடியூபை நம்பியது. இரண்டையும் காதால் மட்டும் கேட்பதில் ஒரு தொல்லை: காசு கட்டாத யூடியூப் கணக்கில் திரையை அணைத்தால் ஒலியும் நின்றுவிடும். திரையை எரியவிட்டுச் சட்டைப் பையில் போட்டால் போன் சுடும், விரல் பட்டு வேறு எதற்கோ தாவும்.

ஆகாசவாணியை இந்த வரிசையில் சேர்ப்பதா என்று கேட்கலாம். உலகச் செய்தியைப் பத்து நிமிடத்துக்குள் வேறு சத்தமில்லாமல் சொல்லி முடிக்கும் பழக்கம் அதற்கு இருப்பதால் சேர்க்கிறேன். நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் தமிழ் நிலையங்களின் நேரலை உண்டு. 2024 நவம்பரில் வந்த வேவ்ஸ் ஆப்பிலும் வானொலி உண்டு. அரசை உறுத்தும் கேள்விகளை அதில் எதிர்பார்க்க வேண்டாம். தலைப்புச் செய்திக்குப் போதும்.

டேட்டா அல்ல, சிக்னல்தான் சிக்கல்

64 கிலோபிட் ஓடை மணிக்குச் சுமார் 29 எம்பி தின்னும்; 128 கிலோபிட் என்றால் 58 எம்பி. தினம் இரண்டு மணி நேரம் 128இல் கேட்டாலும் மாதத்துக்கு மூன்றரை ஜிபிதான். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் பிளானில் இது பெரிய செலவே இல்லை.

அறுந்துபோவதுதான் தலைவலி. ஊதா வழித்தட மெட்ரோ கப்பன் பார்க்குக்கு முன்னால் தரைக்கடியில் இறங்கி மெஜஸ்டிக்கைத் தாண்டித்தான் மேலே ஏறும். ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஓடை விக்கும். பல ஆப்கள் விட்ட இடத்தில் தொடராமல் முழுதாக நின்றுவிடும். மறுபடி நாம்தான் அழுத்த வேண்டும். இன்னொன்று, நேரலை என்ற பெயரே தவிர, ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று துண்டு சேர்ந்த பிறகே ஆப் வாசிக்கத் தொடங்கும். அரை நிமிடம் வரை பின்தங்குவது சாதாரணம். கிரிக்கெட் வர்ணனை கேட்கிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கூச்சல் முதலில் வரும்.

பாட்காஸ்டை ஒழுங்காக அமைப்பது

பயணத்துக்குப் பாட்காஸ்டை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பலர் ஒரு வாரத்தில் கைவிடுகிறார்கள், காரணம் அமைப்பில் செய்யும் தவறு. ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் இலவசம், விளம்பரம் இல்லை. தமிழில் தேடிக் கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்தில் நிலையத்தின் பெயரை அடித்துத் தேடுங்கள். அப்படியும் வராவிட்டால் நிலையத்தின் தளத்திலிருந்து ஆர்எஸ்எஸ் முகவரியை (எபிசோட் பட்டியலுக்கான இணைப்பு) எடுத்து ஒட்டலாம். பிறகு தானியங்கி டவுன்லோடை இயக்கி, வைஃபையில் மட்டும் என்று வையுங்கள். கேட்டு முடித்ததும் அழிக்கச் சொல்லிவிடுங்கள்.

இதுவரை எல்லாரும் செய்வார்கள். தவறவிடுவது போனின் பேட்டரி அமைப்பை. பின்னணியில் ஓடும் ஆப்களைப் பல போன்கள் இரவில் முடக்கிவிடும். காலையில் பார்த்தால் புதிய எபிசோட் ஒன்றும் இறங்கியிருக்காது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். சில போன்களில் தானாகத் தொடங்கும் அனுமதி தனியாக இருக்கும், அதையும் கொடுக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. செய்தியறிக்கைக்குக் கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று நாள் பழைய செய்தி சேர்ந்து கிடந்தால் அதைக் கேட்கவும் மனம் வராது, அழிக்கவும் மனம் வராது. பேட்டிகளுக்கும் தொடர்களுக்கும் பழையதிலிருந்து புதியது. வேகத்தைக் கூட்டுவதானால் ஸ்டூடியோச் செய்தி வாசிப்பு 1.25 வரை தாங்கும். தொலைபேசி வழிப் பேட்டியை அதே வேகத்தில் வைத்தால் பாதி புரியாது. சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெட்டிவிடுகிறது; ச, ஸ, ஷ போன்றவை தெளிவிழப்பது அதனால்தான்.

ஸ்பாட்டிஃபையில் காசு கட்டாத கணக்கிலும் பாட்காஸ்டை டவுன்லோடு செய்யலாம். ஆனால் சந்தாப் பட்டியலை வேறு ஆப்புக்கு எடுத்துப் போவது அங்கே எளிதல்ல. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டபோது பட்டியலை எடுத்துவைக்காதவர்கள் முதலிலிருந்து தேடினார்கள். ஆன்டெனாபாடில் அந்தப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்துவையுங்கள்.

சிற்றலை இன்னும் தேவையா?

தமிழ்ச் செய்திக்காக என்றால் வேண்டாம். தமிழில் சிற்றலையை நம்பி இருப்பவை பெரும்பாலும் சமய ஒலிபரப்புகள், அல்லது 1963இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு போல ஒரு நாட்டின் பார்வையை மட்டும் சொல்பவை. ஆங்கிலத்தில் பிபிசி வேர்ல்டு சர்வீஸ் காலையிலும் இரவிலும் தெற்காசியாவுக்கு இன்னும் வருகிறது. இணையம் முடங்கும் நாளில் உதவும், பொழுதுபோக்காகவும் நன்றாக இருக்கும்.

இறங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டெக்சன் பிஎல்-330 சிறியது, பழைய நோக்கியா போன்களின் பிஎல்-5சி பேட்டரியில் ஓடும். மாற்று பேட்டரி எஸ்.பி. ரோட்டில் தேடாமலே கிடைக்கும். அங்கேயே பத்து மீட்டர் உறையிட்ட செம்பு வயரும் ஒரு முதலை கிளிப்பும் வாங்கி, கிளிப்பை ரேடியோவின் ஆன்டெனாக் கம்பியில் மாட்டி, வயரை பால்கனி வழியாக இழுத்துக் கட்டுங்கள். மின்கம்பி அருகே போகக் கூடாது. இடி மழையில் கழற்றிவிட வேண்டும். பகலில் 25, 19 மீட்டர் அலைவரிசைகள், இருட்டிய பின் 49, 41, 31. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் உலகம் முழுக்க அலைவரிசைப் பட்டியல் மாறும். நேற்று வந்த நிலையம் இன்று காணோம் என்றால் ரேடியோவைத் திட்ட வேண்டாம்.

அடுக்ககத்தில் பெரிய எதிரி இரைச்சல். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு 6 மெகாஹெர்ட்ஸ் அருகே வைத்து, வீட்டின் மெயினை ஒரு நிமிடம் அணையுங்கள். சத்தம் அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள் இருக்கிறார்: எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர், ரவுட்டரின் அடாப்டர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். அடாப்டர் வயரை, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்துக்குள் மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் குறையும். அடங்காவிட்டால் அது பக்கத்து வீடு. மொட்டை மாடிதான் வழி. பெஸ்காம் மின்சாரத்தை நிறுத்தும் நேரம் சிற்றலைக்காரர்களுக்கு மட்டும் பண்டிகை. எலகங்காப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தனிப் பிரச்சினை: அங்குள்ள ஆகாசவாணியின் 500 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி இயங்கும்போது நீண்ட வயர் மாட்டிய ரேடியோ திணறும். வயரைக் கழற்றிவிடுங்கள்; ரேடியோவில் டிஎக்ஸ் (தொலைதூரம்), லோக்கல் (அருகில்) என்ற சுவிட்ச் இருந்தால் லோக்கலுக்குத் தள்ளுங்கள்.

ரேடியோவே வாங்காமல் சுவை பார்க்க, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர் தளத்தில் அவர்களின் ரிசீவரையே பிரவுசரில் திருப்பலாம். அங்கே கேட்பது ஐரோப்பாவில் விழும் சிக்னல் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு

ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாவுக்கு பாட்காஸ்ட் ஆப்பைக் கற்றுக்கொடுப்பதைவிட, ஒரு பழைய போனில் நிலையத்தின் சொந்த ஆப்பை மட்டும் முகப்பில் வைத்துக் கொடுப்பது நல்லது. எல்லா நிலையத்தையும் திரட்டித் தரும் ஆப்களில் பாதி இணைப்புகள் செத்துக் கிடக்கும். புளூடூத் ஸ்பீக்கர் சும்மா இருந்தால் தானே அணைந்து, மறுபடி இணைய மறுக்கும், 3.5 மிமீ வயரில் இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை. போனை எந்நேரமும் சார்ஜரில் விட்டால் பேட்டரி உப்பலாம், இரவில் பிடுங்கிவிடுங்கள். மின்தடைக்கு ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் போதும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்ப் என்று பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். அந்த யுபிஎஸ்ஸும் இரைச்சல் கிளப்பும் பெட்டிதான், சிற்றலை ரேடியோவை அதே மேசையில் வைக்காதீர்கள்.