பைரோடெக்ஸா, பிளாக்ஹார்ன் 209-ஆ?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் மச்சான் தொண்டியில் இருக்கும் என்னிடம் கேட்டார்: குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு, பழைய கருமருந்துக்குப் பதிலாகப் போடும் இந்த இரண்டு மருந்தில் எது நல்லது? இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டையே குற்றம். ஆனால் உப்புக்காற்றில் இரும்பு படும் பாடு தொண்டிக்காரனுக்குத் தெரியாதா?

பைரோடெக்ஸ் விலை குறைவு, சாதாரண கேப்பிலேயே (சுத்தியல் தட்டினால் பொறி விடும் சின்ன மூடி) பற்றிக்கொள்ளும். தொல்லை சுட்ட பிறகுதான். அதிலுள்ள பெர்குளோரேட் என்கிற வேதிப்பொருள் எரிந்ததும் குழலுக்குள் குளோரைடு உப்பு தங்கும். அது ஈரத்தை இழுக்கும். அன்றைக்கே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசியாக வேண்டும். கடலோரத்தில் ஓர் இரவு சோம்பினாலே குழலுக்குள் செந்துரு தெரியும்.

பிளாக்ஹார்ன் 209 நைட்ரோசெல்லுலோஸ் என்கிற வேதிப்பொருளை வைத்துச் செய்த வகை. ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, துருவும் குறைவு. ஆனால் விலை கூட. கேப்பைவிடச் சூடான பொறி தரும் 209 பிரைமர் இல்லாமல் சரியாகப் பற்றாது. கழுவத் தண்ணீர் உதவாது, சால்வென்ட் (கசடைக் கரைக்கும் திரவம்) வேணும்.

இரண்டையுமே கருமருந்தின் கன அளவுக்கு ஈடாக அளக்கணும். கருமருந்தின் எடைக்கு எடை போட்டால் அழுத்தம் எகிறும்; உயிருக்கே ஆபத்து.

மச்சானுடையது 209 பிரைமர் துப்பாக்கி. பிளாக்ஹார்னையே வாங்கச் சொன்னேன். பழைய கேப் துப்பாக்கியாக இருந்தால் பைரோடெக்ஸ்தான்.