61 மெகாபிக்சலும் 600 மில்லிமீட்டரும்: சோனி ஏ7ஆர் 4, 200-600 லென்ஸ் குறித்து ஒரு மதிப்பீடு

2019 ஜூன் மாதத்தில் 200-600 மி.மீ. ஜூம் லென்ஸையும், அடுத்த மாதமே 61 மெகாபிக்சல் கொண்ட ஏ7ஆர் 4 கேமராவையும் சோனி அறிவித்தபோது, ஒளிப்படக்காரர்களில் பெரும்பாலோர் அவற்றை இரண்டு தனிச் செய்திகளாகவே எடுத்துக்கொண்டனர். லென்ஸுக்கு வரவேற்புக் கிடைத்தது. கேமராவைச் சுற்றி வாக்குவாதம் எழுந்தது. பறவைகளையும் காட்டுயிர்களையும் படம் எடுப்பவர்களைப் பொறுத்தவரை இவை இரண்டும் ஒரே செய்திதான் என்பது என் எண்ணம். ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தால்தான், அப்போது எழுந்த புகார்களில் எது நியாயமானது, எது வெறும் சலிப்பு என்பது விளங்கும்.

உரக்க ஒலித்த புகார், "இத்தனை பிக்சல் யாருக்கு வேண்டும்?" என்பதுதான். இதில் புகார் சொன்னவர்களும் பூரித்தவர்களும் ஒரே கணக்கில் சறுக்கினார்கள். முந்தைய ஏ7ஆர் 3 கேமராவின் 42 மெகாபிக்சலோடு ஒப்பிட்டால் பிக்சல்களின் எண்ணிக்கை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் படத்தின் நீளவாக்கில் 7952 என்பது 9504 ஆகியிருக்கிறது, அவ்வளவே. அதாவது நுணுக்கம் கூடியது ஏறத்தாழ 20 விழுக்காடு மட்டுமே. முழுப் படத்தையும் அச்சிட்டுச் சுவரில் மாட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. புரட்சி என்று கொண்டாடவும் இதில் பெரிதாக ஒன்றுமில்லை, வீண் என்று ஒதுக்கவும் காரணமில்லை.

வேறுபாடு தெரிவது படத்தை வெட்டும்போதுதான். இக்கேமராவை, சென்சாரின் (ஒளியைப் பதிவுசெய்யும் தகட்டின்) நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் ஏபிஎஸ்-சி அளவுக்கு மாற்றினால் 26 மெகாபிக்சல் படம் கிடைக்கிறது. அதே மாற்றத்தில் ஏ7ஆர் 3 தருவது 18 மட்டுமே. 600 மி.மீ. லென்ஸ் அந்நிலையில் 900 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்தைத் தருகிறது. பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்றும், ஃபுஜியின் எக்ஸ்-டி3 போன்ற 26 மெகாபிக்சல் சிறு சென்சார் கேமரா ஒன்றும் ஒரே உடலுக்குள் அடங்கிவிட்டன எனலாம். பறவையை நெருங்க முடியாதவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று அன்று சொன்னவர்கள் குறைவு. ஆனால் மொத்த விவாதத்திலும் பொருளறிந்து பேசியவர்கள் அவர்கள்தாம்.

அவர்களும் முழுமையாகச் சொல்லாத ஒன்று உண்டு. இந்தச் சென்சாரின் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகலம் உடையது. 600 மி.மீ. குவியத் தூரத்தில் அதை வைத்தால், 100 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் பறவையின் உடலில் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டரை ஒரு பிக்சல் பார்க்கிறது. இறகின் இழைகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் இது; ஆனால் அந்த நூறு மீட்டர் காற்றும் இடையில் நிற்கிறது. வெயில் ஏறி நிலம் சூடாகத் தொடங்கியதும் எழும் கானல் அலைவு இதைவிடப் பெரிய அளவில் உருவத்தைக் கலைத்துவிடும். அப்போது எடுத்த படத்தை முழு அளவில் திறந்து பார்த்து, லென்ஸ் மங்கல் என்றோ ஃபோகஸ் பிசகியது என்றோ முடிவு கட்டியவர்கள் பலர். உண்மையில் அந்தத் தூரத்தில் பிழை கருவியினுடையதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதிகாலையிலோ மேகமூட்டத்திலோ, முப்பது மீட்டருக்குள் வந்த பறவையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த இணையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சிறு துளை வழியே வரும் ஒளி சற்றுப் பரவும் விளிம்பு விளைவும் இங்கே கணக்கில் வருகிறது. 600 மி.மீ. முனையில் இந்த லென்ஸின் முழுத் துளையான எஃப்/6.3-இல் (எண் கூடினால் துளை சிறிது) ஒரு புள்ளி ஒளி சென்சார்மேல் எட்டு மைக்ரானுக்கும் சற்றுக் கூடுதலான வட்டமாகப் பரவுகிறது. அதாவது இரண்டு பிக்சலைத் தாண்டிவிடுகிறது. லென்ஸின் குவியத் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரைப் பொருத்தினால் துளை எஃப்/9 ஆகி, அவ்வட்டம் பன்னிரண்டு மைக்ரானைத் தொடுகிறது. ஆகவே டெலிகன்வெர்ட்டரால் கிடைக்கும் கூடுதல் உருவ அளவில் ஒரு பகுதி வெறும் பெருக்கமாகவே போய்விடும். இந்தக் கேமராவில் டெலிகன்வெர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, எஃப்/6.3-லேயே எடுத்து, பின்னர் வெட்டிக்கொள்வதே பெரும்பாலான நேரங்களில் நல்லது என்பேன். ஃபோகஸ் வேகமும் அதில் குறையாது. ஷட்டர் வேகத்துக்கு, குவியத் தூரத்தின் தலைகீழ் எண் போதும் என்ற பழைய விதியையும் இங்கே நம்ப வேண்டாம். 1/600 விநாடியில் நன்றாக வந்ததுபோல் தோன்றும் படம், முழு அளவில் பார்த்தால் அசைவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உயர் ஐஎஸ்ஓ-வில் (ஒளியுணர்வைக் கூட்டிவைத்து எடுக்கும்போது) படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் கூடிவிட்டது என்ற முணுமுணுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பிக்சலாகப் பார்த்தால் கூடியதுதான். இரு கேமராக்களின் படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

மெல்லிய குரலில் எழுந்த ஒரு புகார்தான் முற்றிலும் சரியானது. இழப்பற்ற முறையில் சுருக்கிய ரா கோப்பு (சென்சார் தரும் மூலத் தகவலை வைத்திருக்கும் கோப்பு) இந்தக் கேமராவில் இல்லை. சுருக்காத ரா கோப்பு ஒவ்வொன்றும் சுமார் 120 மெகாபைட். சுருக்கிய கோப்பு பாதி அளவுதான் என்றாலும் அது சிறிது தரத்தை இழந்து சுருங்கியது. விநாடிக்குப் பத்துப் படங்கள் என்ற வேகத்தில் பறவை ஒன்று சிறகடித்துக் கிளம்பும் அந்தச் சில நொடிகளுக்குள் பல கிகாபைட் நிரம்பிவிடும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஆனால் நிக்கான் நிறுவனம் டி850 போன்ற கேமராக்களில் இழப்பற்ற சுருக்கத்தை முன்பே தந்திருக்க, 61 மெகாபிக்சல் கேமராவை அது இல்லாமல் வெளியிட்டதற்கு எந்தச் சமாதானமும் பொருந்தவில்லை. சோனி இந்த வசதியை 2021-இல் ஏ1 கேமராவில்தான் கொண்டுவந்தது. பறவைகளின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதியும் அதே கேமராவில்தான் முதலில் வந்தது. ஏ7ஆர் 4-இல் உள்ள விலங்குக் கண் ஃபோகஸைப் பறவைகளுக்கு நம்பிப் பயனில்லை.

பறக்கும் பறவைகளுக்கு இக்கேமரா ஏற்றதா என்ற கேள்விக்கு, ஓரளவு என்பதுதான் நேர்மையான விடை. சென்சாரிலிருந்து தகவல் படிக்கப்படும் வேகம் குறைவு என்பதால், ஓசையற்ற மின்னணு ஷட்டரில் எடுத்தால் சிறகுகள் வளைந்து தெரியும். எந்திர ஷட்டரையே நம்பியாக வேண்டும். அதே நிறுவனத்தின் ஏ9, 24 மெகாபிக்சல்தான் என்றாலும், ஓசையின்றி விநாடிக்கு இருபது படங்களை அந்த வளைவு ஏறக்குறைய இல்லாமலே எடுத்துவிடும். கிளையில் அமர்ந்திருப்பதை எடுப்பவருக்கு ஏ7ஆர் 4. கிளையை விட்டு எழுவதை எடுப்பவருக்கு ஏ9.

பதினாறு படங்களை இணைத்து 240 மெகாபிக்சல் தரும் வசதியைப் பற்றியும் அன்று நிறையப் பேசப்பட்டது. கணினியில் இணைக்க வேண்டும், பொருள் சிறிதும் அசையக் கூடாது. உயிருள்ள எதற்கும் அது உதவாது.

லென்ஸுக்கு வருவோம். இது சோனியின் உயர்தர ஜிஎம் வரிசையில் இடம்பெறாமல் அதற்கு அடுத்த ஜி வரிசையில் வந்ததைப் பார்த்துத் தரத்தை ஐயுற்றவர்கள் இருந்தார்கள். அந்த ஐயம் நெடுநாள் நீடிக்கவில்லை. முழுத் துளையில், 600 மி.மீ. முனையில், படத்தின் நடுப்பகுதி இந்த 61 மெகாபிக்சலுக்கும் ஈடுகொடுக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் உள் ஜூம் அமைப்பு. சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600 லென்ஸ்கள் ஜூம் செய்யும்போது முன்னோக்கி நீள்வதால் முக்காலித் தலையில் சமநிலை மாறும். இந்த லென்ஸின் நீளம் மாறுவதே இல்லை; வளையத்தைச் சிறிது திருப்பினாலே 200-லிருந்து 600-க்குப் போய்விடலாம். பார்வைக் கோணத்தை விரித்துப் பறவையைக் கண்டுபிடித்து, உடனே குறுக்கிக்கொள்ளும் வேலையைச் செய்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எடை 2,115 கிராம்; முக்காலிப் பிடி அதில் சேராது. கையில் பிடித்து எடுக்கலாம், வெகுநேரம் முடியாது. அதன் முக்காலிப் பாதம் ஆர்க்கா-சுவிஸ் வகை முக்காலித் தலைகளில் நேரடியாகப் பொருந்தாதது ஒரு தேவையற்ற எரிச்சல்; வேறு நிறுவனத்தின் பாதம் ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்வதே வழி. இதனுடன் ஒரே நாளில் அறிவிக்கப்பட்ட 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது, ஆனால் விலை ஆறு மடங்குக்கும் மேல். விடியலுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டியவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த ஆறு மடங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏ7ஆர் 3 வைத்திருப்பவர் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் லென்ஸை வாங்கட்டும். 24 மெகாபிக்சல் கேமராவோடு, அசையாமல் அமரும் பறவைகளைத் தேடிப் போகிறவர் இரண்டையும் சேர்த்தே வாங்கலாம். ஆனால் வேகமான மெமரி கார்டுகளுக்கும், நாலைந்து டெராபைட் ஹார்ட் டிஸ்குக்கும், அந்தக் கோப்புகளைத் தாங்கக்கூடிய கணினிக்கும் ஆகும் செலவை முதலிலேயே விலையோடு கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.