பவர்பாயிண்ட், கேன்வா, கூகுள் ஸ்லைட்ஸ்: தமிழ்ப்பள்ளி வகுப்புக்கு நான் எதை எடுத்தேன், ஏன்

தைப்பூசத்தன்னிக்குச் சாயங்காலம் தண்ணீர்மலை முருகன் கோயில்லேர்ந்து வீட்டுக்கு வந்து காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்பதான் முடிவு பண்ணேன், என் தமிழ்மொழிப் பாட ஸ்லைடு அத்தனையையும் கூகுள் ஸ்லைட்ஸுக்கு மாத்திடறதுன்னு. பவர்பாயிண்ட்ல பத்து வருஷத்துக்கு மேல வேலை செஞ்சிருக்கேன், நடுவுல ஒன்றரை வருஷம் கேன்வா. மூணையும் ஒரே பாடத்துக்கு, ஒரே வகுப்புல, ஒரே எல்சிடி புரொஜெக்டர்ல போட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன். நாங்க மலேசியாவுல பினாங்கு மாநிலம், நான் பட்டர்வொர்த் பக்கம், என் தோழி தீவுல பாயான் லெப்பாஸ்ல படிச்சுக் குடுக்கிறா, இன்னொரு அக்கா புக்கிட் மெர்தாஜாம்ல. மூணு பேரும் பாடத்தைப் பிரிச்சுக்கிட்டு ஸ்லைடு செஞ்சு பகிர்ந்துக்கிறோம். இந்தப் பகிர்தல்தான் எனக்கு எல்லாத்தையும் முடிவு பண்ணிச்சு, அதை நினைவு வச்சுக்கிட்டுப் படிங்க, தனியா ஒரே லேப்டாப்புல செஞ்சு அதே லேப்டாப்புலயே காட்டுறவங்களுக்கு நான் சொல்றதுல பாதி பொருந்தாது.

காசு விஷயம் பேசவே வேணாம். 2020-ல கல்வி அமைச்சோட டெலிமா தளம் வந்ததுலேர்ந்து அந்த ஒரே ஐடியில கூகுளும் இருக்கு மைக்ரோசாஃப்டும் இருக்கு, கேன்வாவோட கல்விப் பதிப்பும் பள்ளி ஆசிரியருக்கு இலவசம்தான். படம் போடலாம், வீடியோ போடலாம், எழுத்தைப் பெருசாக்கலாம், இதெல்லாம் மூணுலயும் உண்டு. ஸ்லைடே வேணுமான்னு கேக்கிறவங்களும் இருக்காங்க. ஆண்டு 1 பிள்ளைக்கு 'அ' எங்க ஆரம்பிச்சு எங்க சுழிச்சு எங்க முடியுதுன்னு காட்ட இன்னும் வெண்பலகைதான், நான் கையால எழுதறதைப் பாத்தாதான் அதுங்க கை வருது. ஸ்லைடு அதுக்கு இல்ல.

கேன்வாவை முதல்ல முடிச்சிடறேன். அழகு, அதுல சந்தேகமே இல்ல, அரை மணி நேரத்துல கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு செட் செஞ்சிடலாம், ஆசிரியர் தினத்துக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் நான் இன்னமும் அதுலதான் செய்றேன். ஆனா அந்த டெம்ப்ளேட் எல்லாம் குட்டி குட்டி ஆங்கில வார்த்தைக்கு அளவெடுத்த பெட்டி. அதுல 'ஒளிச்சேர்க்கை'ன்னு போடுங்க, 'ஒளிச்சேர்க்' மேல நிக்கும், 'கை' கீழ விழும். எழுத்தைச் சின்னதாக்கினா பின் வரிசைக்குத் தெரியாது. இன்னொண்ணு, அழகுக்குன்னு மெல்லிசா வளைச்சு செஞ்ச தமிழ் ஃபாண்ட் எடுத்தோம்னா ண-வுக்கு எத்தனை சுழி ன-வுக்கு எத்தனை சுழின்னு கடைசி மேசையிலேர்ந்து பாக்கிற பிள்ளைக்குப் பிரியவே பிரியாது, எங்க வகுப்பு எல்சிடி வேற மங்கல், ஜன்னல் துணியை இழுத்து விட்டாலும் காலை வெளிச்சம் உள்ள வந்துடும். லகர ளகர ழகர வேறுபாடு, ணகர னகர வேறுபாடுதான் அன்னைக்குப் பாடமே, அதுவே தெரியலன்னா மத்த அலங்காரம் எதுக்கு. தடிமனான, புத்தகத்து எழுத்து மாதிரி உருவம் இருக்கிற ஃபாண்ட் மட்டும்தான் வகுப்புக்கு ஆகும். இது மூணு மென்பொருளுக்கும் பொருந்தற விஷயம்தான், ஆனா கேன்வாவுலதான் கை தன்னால அலங்காரத்துக்குப் போகுது.

இப்ப நிஜமான விஷயத்துக்கு வரேன். ஸ்லைடு செய்றது பெரிய வேலை இல்ல. செஞ்ச ஸ்லைடு அடுத்த வருஷம், வேற கம்ப்யூட்டர்ல, வேற ஆசிரியர் கையில, செஞ்ச மாதிரியே திறக்குமாங்கிறதுதான் வேலை. தமிழுக்கு இது ஆங்கிலத்தை விட பத்து மடங்கு முக்கியம்.

நான் பள்ளிக்கு வந்த புதுசுல ஓய்வுல போன ஐயா ஒருத்தர் தன்னோட பாடம் மொத்தத்தையும் சிடியில போட்டு எங்கிட்ட குடுத்துட்டுப் போனார். மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர், ஒவ்வொண்ணுக்கும் படம் தேடித் தேடிச் சேத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டு வந்து திறந்தா படம் மட்டும்தான் வருது, எழுத்து எல்லாம் குப்பை. 'தமிழ்'னு இருக்க வேண்டிய இடத்துல முதல்ல முக்கால்னு போடற பின்னக் குறி, அதுக்குப் பக்கத்துல தலையில கோடு போட்ட ஆங்கில ஏ. அது, எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இப்ப பொதுவா இருக்கிற யுனிகோடு முறைக்கு முந்தின டிஸ்கி எழுத்து. அந்தக் காலத்து முறையில ஆங்கில எழுத்தும் குறியும் உக்கார வேண்டிய இடத்துல தமிழ் வடிவத்தை உக்கார வச்சிருப்பாங்க, அந்த ஃபாண்ட் கம்ப்யூட்டர்ல இருந்தா தமிழாத் தெரியும், இல்லாட்டி அடியில இருக்கிற குறிதான் தெரியும். இவ்வளவுக்கும் நம்ம நாடு இதுல பின்தங்கின நாடு கிடையாது, முரசு அஞ்சல்ங்கிற தமிழ் டைப் பண்ற மென்பொருளைச் செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம ஆளு, 2001-ல தமிழ் இணைய மாநாடே கோலாலம்பூர்ல நடந்துச்சு. இருந்தும் அந்த ஐயாவோட உழைப்பு என் மேசை டிராயர்ல ஒரு சிடியா முடங்கிப் போச்சு. எழுத்தை மாத்திக் குடுக்கிற கருவி இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன், ரெண்டு பாடம் மாத்தியும் பாத்தேன், ஸ்லைடு ஸ்லைடா, பெட்டி பெட்டியா காப்பி பண்ணி ஒட்டணும், முடியல.

சரி, இப்ப யாரு யுனிகோடு இல்லாம டைப் பண்றா, அந்தப் பிரச்சினை தீந்துடுச்சேன்னு நீங்க கேக்கலாம். எழுத்து மாறாது, உண்மைதான். இடம் மாறும்.

இப்படித்தான் ஒரு நாள் வலிமிகும் இடம் பாடம். அந்த, இந்த, எந்த-வுக்குப் பிறகு வலிமிகும், அதைக் காட்ட 'அந்தப் பையன்'னு பெருசாப் போட்டு 'ப்' மேல சிவப்பு வட்டம் போட்டிருந்தேன், வட்டம் தனியா ஒரு வடிவம், எழுத்து தனியா ஒரு பெட்டி. வீட்டு லேப்டாப்புல நான் தனியா இறக்கி வச்சிருந்த ஒரு ஃபாண்ட்ல செஞ்சது. பெண்டிரைவ்ல கொண்டு போய் வகுப்புக் கம்ப்யூட்டர்ல போட்டா அந்த ஃபாண்ட் அங்க இல்ல, பவர்பாயிண்ட் ஒண்ணும் சொல்லாம விண்டோஸ்ல இருக்கிற வேற தமிழ் ஃபாண்ட்டுக்குத் தாவிடுச்சு. அது அகலம் வேற. எழுத்து நகந்துடுச்சு, வட்டம் நகரல, 'பை' மேல போய் உக்காந்துக்கிச்சு. நான் பலகைப் பக்கம் திரும்பி நின்னு பேசிக்கிட்டே இருந்ததுல கவனிக்கல. அன்னைக்கு நோட்டுப் புத்தகம் திருத்தறப்ப பாத்தா ஏழு பிள்ளைங்க 'பை' மேல சிவப்புப் பென்சில்ல அழகா வட்டம் போட்டிருக்காங்க. ஒரு பிள்ளை பக்கத்துலயே 'பை வலிமிகும்'னு எழுதி வச்சிருக்கு. அதுங்க மேல தப்பே இல்ல, டீச்சர் காட்டினதைத்தான் எழுதிச்சுங்க. அதை அழிச்சு மறுபடி சொல்லிக் குடுக்க எனக்கு ரெண்டு பாடவேளை ஆச்சு.

நான் தனியா ஒரு ஃபாண்ட் இறக்கினதாலதான் இந்தக் கதின்னும் நினைக்காதீங்க. லத்தா விண்டோஸ் 2000 காலத்துலேர்ந்து கூடவே வர்ற ஃபாண்ட், நம்ம பள்ளிகள்ல பாதி ஸ்லைடு அதுலதான் இருக்கும். விண்டோஸ் 10-லேர்ந்து அது தானா வராது, தமிழுக்கான கூடுதல் ஃபாண்ட்னு தனியா சேத்துக்கணும், கூட வர்றது நிர்மலா யூஐ மட்டும்தான். அதனால பழைய கம்ப்யூட்டர்ல லத்தாவுல ஒழுங்கா நின்ன வரி புதுக் கம்ப்யூட்டர்ல உடையும், யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டாங்க.

பவர்பாயிண்ட்ல இதுக்கு மருந்து இருக்கு, அதையும் சொல்லிடணும். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ், அங்க கீழ ஃபாண்ட்டைக் கோப்புக்குள்ளயே பதிச்சு வைக்கிற வசதி. அதுல ரெண்டு தேர்வு வரும், பயன்படுத்தின எழுத்தை மட்டும் பதிக்கிறது, முழு ஃபாண்ட்டையும் பதிக்கிறது. இன்னொரு ஆசிரியர் திருத்தப் போறார்னா ரெண்டாவதுதான் வேணும், இல்லாட்டி அவர் புதுசா ஒரு வார்த்தை சேத்தா அதுல மட்டும் எழுத்து வேற மாதிரி வரும். ஆனா எல்லா ஃபாண்ட்டும் பதிய விடாது, செஞ்சவங்க அனுமதி குடுத்திருந்தாதான். அதோட நான் பதிச்சு அனுப்புவேன், அக்கா திறந்து திருத்தி தன் ஃபாண்ட்ல சேவ் பண்ணி புலனத்துல (வாட்ஸ்அப்ல) போடுவாங்க, தோழி அதை இறக்கி பேர் மாத்தி வச்சுக்குவா. 'வலிமிகும் புதுசு', 'வலிமிகும் புதுசு 2', 'வலிமிகும் சரியானது', இப்படி நாலு கோப்பு மூணு பேர்கிட்ட. எதுல வட்டம் சரியா இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அந்த மருந்து ஒரு ஆளுக்குப் போதும், மூணு ஆளுக்குப் போதல.

கூகுள் ஸ்லைட்ஸ்ல எனக்குப் பிடிச்சது அதோட தரித்திரம்தான்னு கூடச் சொல்லலாம். நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபாண்ட்டை அதுல ஏத்தவே முடியாது, அவங்க குடுக்கிறதை மட்டும்தான் எடுக்கணும். ஃபாண்ட் பட்டியல்ல 'மோர் ஃபாண்ட்ஸ்' போய் மொழி வரிவடிவம்ங்கிற இடத்துல தமிழைத் தேர்ந்தெடுத்தா கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரைன்னு வரிசையா வரும். நாங்க மூணு பேரும் பேசி வச்சு முக்தா மலர் மட்டும்தான், தடிப்பு, உடல் எழுத்து 28-க்குக் கீழ இறங்கக் கூடாது. ஃபாண்ட் கம்ப்யூட்டர்லேர்ந்து வரல, ஸ்லைடு கூடவே இணையத்துலேர்ந்து வருது, அதனால என் வீட்டுல நின்ன இடத்துலயேதான் பாயான் லெப்பாஸ்லயும் நிக்குது. மாத்தின பிறகு இது வரைக்கும் ஒரு வட்டம் கூட நகரல.

அப்புறம் ஒரே கோப்பு. அக்கா ஒரு எழுத்துப்பிழையைப் பாத்துத் திருத்தினா அந்த நிமிஷமே மூணு பள்ளியிலயும் திருத்தம். நம்ம ஆர்பிஎச்-ல, அதாவது தினசரிப் பாடக் குறிப்புல, போட்ட இணைப்பு அதே இணைப்பாவே இருக்கும், வருஷா வருஷம் மாத்த வேணாம். யாராவது தெரியாம ஒரு ஸ்லைடை அழிச்சிட்டா பதிப்பு வரலாறுல போய் நேத்து இருந்ததைத் திரும்ப எடுத்துக்கலாம், எனக்கு ரெண்டு தடவை கை குடுத்திருக்கு. 2027-லேர்ந்து ஆண்டு 1-க்குப் புதுப் பாடத்திட்டம்னு அறிவிச்சிருக்காங்க, அப்புறம் ஒவ்வொரு ஆண்டா மாறும், பாட வரிசையைப் பிரிச்சுப் போட்டு மறுபடி கோக்க வேண்டிய வேலை எல்லாருக்கும் வரப் போவுது. நாலு கோப்பு வச்சுக்கிட்டு அதைச் செய்யவே முடியாது லா.

"லைன் இல்லாட்டி என்னக்கா பண்ணுவீங்க?" தோழி முதல் நாளே கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி, மழை பெஞ்சா எங்க கட்டடத்துல வைஃபை இழுக்கும். சொந்த லேப்டாப்னா குரோம்ல ஆஃப்லைன் வசதியை முந்தின நாளே, லைன் இருக்கிறப்பவே போட்டு வைக்கணும், வகுப்புக்குள்ள வந்து போட முடியாது. வகுப்புக் கம்ப்யூட்டர்னா நான் ஒவ்வொரு பாடத்தையும் பிடிஎஃப்பா இறக்கி பெண்டிரைவ்ல வச்சிருக்கேன். பிடிஎஃப்ல ஃபாண்ட் உள்ளயே இருக்கும், எதுவும் நகராது, அசைவும் வீடியோவும் மட்டும் போயிடும். ஆனா ஒண்ணு, அவசரத்துக்குன்னு அதைப் பவர்பாயிண்ட் கோப்பா இறக்கிடாதீங்க. அப்படி இறக்கினா அந்தக் கம்ப்யூட்டர்ல முக்தா மலர் சரியா வரும்னு உறுதி இல்ல, வரலன்னா மறுபடி அதே தாவல், அதே நகர்தல். பள்ளியில லைனே சுத்தமா வராது, இல்ல வாரத்துல நாலு நாள் இருக்காதுன்னா நான் சொல்றதைக் கேக்காம பவர்பாயிண்ட்லயே இருங்க, ஃபாண்ட்டைப் பதிச்சு, நிர்மலா யூஐ-யிலயே செஞ்சு, வட்டம் போடறதுக்குப் பதிலா அந்த எழுத்தோட நிறத்தையே சிவப்பா மாத்திடுங்க. எழுத்து எங்க போனாலும் நிறம் கூடவே போகும். இதை நான் கொஞ்சம் முன்னாடியே கத்துக்கிட்டிருந்தா ஏழு நோட்டு தப்பிச்சிருக்கும்.

பவர்பாயிண்ட்டை மைக்ரோசாஃப்டோட இணையச் சேமிப்பான ஒன்டிரைவ்ல வச்சு மூணு பேரும் ஒரே கோப்புல வேலை செய்யலாமேன்னு அக்கா சொன்னாங்க. செய்யலாம்தான், ஒரு பாடத்துக்கு மட்டும் முயற்சி பண்ணோம், ஃபாண்ட் கதை அப்படியே இருந்ததால நாங்க தொடரல. அதை வருஷம் பூரா ஓட்டினவங்க வேற மாதிரி சொல்லலாம்.

பவர்பாயிண்ட்ல மட்டும்தான் முடியும்னு நான் ஒத்துக்கிற விஷயம் டிரிகர். பிள்ளை முன்னாடி வந்து நாலு விடையில ஒண்ணைத் தொடும், சரியான படத்தைத் தொட்டா அது மட்டும் துள்ளும், கைதட்டல் சத்தம் வரும். கூகுள்ல இதைச் செய்ய ஒவ்வொரு விடைக்கும் தனி ஸ்லைடு செஞ்சு இணைப்புக் குடுத்து சுத்தி வரணும், பத்துக் கேள்விக்கு ஐம்பது ஸ்லைடு ஆயிடும். ஆண்டு 3 இரட்டைக்கிளவி விளையாட்டு எங்கிட்ட அப்படித்தான் பவர்பாயிண்ட்ல இருக்கு. கலகல, மளமள, சலசல, ஒவ்வொண்ணையும் தொட்டா அந்தச் சத்தம் வரும், சலசலவுக்கு நானே தெலுக் பகாங் ஆத்துல போய் போன்ல பதிஞ்சுக்கிட்டு வந்த சத்தம். அதை மாத்தல, மாத்தப் போறதும் இல்ல. நிர்மலா யூஐ-யில திரும்ப டைப் பண்ணி, சத்தக் கோப்பையும் சேத்து ரெண்டு பெண்டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன், ஒண்ணு வீட்டுல, ஒண்ணு பள்ளி மேசையில அந்த ஐயாவோட சிடி இருக்கிற அதே டிராயர்ல.