பூஜ்ஜியத்தை மறைக்கும் மென்பொருள்: ஆறு வருட அனுபவம்

என்னிடம் படித்து, இப்போது வேறொரு கல்லூரியில் ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், நீங்க மெக்கானிக்ஸ் வகுப்புல காட்டுற சாஃப்ட்வேர் எங்க டிபார்ட்மென்ட்டுக்கும் வாங்கச் சொல்லட்டுமா?" அன்றுதான் இன்டர்னல் தாள்களைத் திருத்தி முடித்திருந்தேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அது நியாயமான பதில் இல்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது இரண்டு. ஒன்று ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 2001-இல் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் கணிதப் பாடத்துக்காகத் தொடங்கியது. வகுப்பில் பயன்படுத்தக் காசு கிடையாது, ஆனால் மெக்கானிக்ஸ் படங்களை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்று கல்லூரி விலை கொடுத்து வாங்கியது. பீம் (உத்தரம்), டிரஸ் (கம்பிகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகம்) எல்லாம் அதில் தயாராக இருக்கும்.

ஜியோஜீப்ராவில் நான் முதலில் செய்தது துணி காயப்போடும் கொடி. நடுவில் 100 நியூட்டன் எடை, கயிறு கிடைமட்டத்தோடு சேரும் கோணத்துக்கு ஒரு ஸ்லைடர். 30 பாகையில் இழுவிசை 100 நியூட்டன்தான். 10 பாகைக்குக் கொண்டுவந்தால் 288. 5 பாகையில் 574. ஒரு புள்ளியில் சமநிலையில் இருக்கும் மூன்று விசைகளை அவற்றின் கோணங்களோடு இணைக்கும் லாமி தேற்றத்தைப் பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், வகுப்பு அசைந்ததில்லை. அந்த எண் ஏறுவதைப் பார்த்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்போ கொடியைத் தொய்வே இல்லாம கட்டவே முடியாதா சார்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இதைக் கைவிட மனம் வராது.

இனி கோபத்துக்கு வருகிறேன். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் பீமை வைத்து, ஒரு முனையில் கீல் (நகரவிடாமல் பிடிக்கும் தாங்கி), மறுமுனையில் ரோலர் (உருளக்கூடிய தாங்கி) என்று சொடுக்கினால், அந்தத் தாங்கிகள் பீமுக்குத் தரும் எதிர்விசை அம்புகள் தாமாக வந்துவிடும். சுமை செங்குத்தாக மட்டும் இருந்தால் கீலின் கிடைமட்ட எதிர்விசை பூஜ்ஜியம், அதனால் அந்த அம்பைக் காட்டாது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் கீலில் இரண்டு எதிர்விசைகள் உண்டு என்று எழுதி, சமன்பாடு போட்டு, அதில் ஒன்று பூஜ்ஜியம் என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். கணக்கில் பூஜ்ஜியம் என்று வருவது வேறு, அப்படி ஒரு விசையே இல்லை என்று நினைப்பது வேறு. தேர்வில் சாய்வான சுமை கொடுத்தேன். கீலில் ஒரே ஒரு செங்குத்து அம்பைப் போட்டுவிட்டுப் பாதி வகுப்பு நின்றுவிட்டது. 30 பாகைச் சரிவில் ரோலர் வைத்த கணக்கிலும் அதே கதை. சரிவுக்குச் செங்குத்தாக வர வேண்டிய எதிர்விசையை நேராக மேலே வரைந்திருந்தார்கள். திரையில் அவர்கள் பார்த்த ரோலர்கள் எல்லாம் சமதரையில் இருந்தவைதானே?

இந்த மறைப்பை நிறுத்த வழி இருக்கிறதா என்று தயாரிப்பாளருக்கு இரண்டு முறை எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. அப்புறம் வந்த அப்டேட்டில் நிறங்கள் மட்டும் மாறியிருந்தன.

டிரஸ்ஸில் அதன் கணக்கு பிசகியதே இல்லை, வேகமும் உண்டு. விடையைச் சரிபார்க்க இன்றும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, பொருளைத் தனியாகப் பிரித்து அதன் மேலுள்ள விசைகளை மட்டும் காட்டும் ஃப்ரீ பாடி டயகிராமை எல்லோரும் நோட்டில் வரைந்த பிறகே போடுகிறேன். பத்து நிமிடம் போகும், போகட்டும்.

தம்பிக்கு என் பதில் மாறவில்லை, அதை வாங்க வேண்டாம். கொடியின் ஜியோஜீப்ரா ஃபைலை மட்டும் அனுப்பியிருக்கிறேன். ஸ்லைடரை 15 பாகையில் நிறுத்தி, அடுத்து 5 பாகைக்குப் போனால் இழுவிசை எவ்வளவு வரும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதவைத்த பிறகு நகர்த்தச் சொன்னேன்.