பில்லில் இருந்த லாக் பிளேட் வண்டியில் இல்லை

பெங்களூருவில் வண்டியை ரேஸ் ட்ராக்குக்குத் தயார் செய்ய ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் ஏமாற்றிய விதம்தான் தெரிய வேண்டியது.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய போர்ஷே கேமன். வருடத்தில் மூன்று நான்கு தடவை ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போய் வரும். மற்ற நாளெல்லாம் பெங்களூரு சில்க் போர்டு ட்ராஃபிக்கில் நின்றபடி பெட்ரோல் குடிக்கும். ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பிறகும் பின்சக்கர டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறிவிடுவதுதான் பிரச்சினை.

காரணம் எளிது. இந்த வண்டியில் பின்சக்கர டோவை ஒரு கேம் போல்ட்தான் பிடித்து வைக்கிறது. அதன் வாஷரில் துளை நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். போல்ட்டைத் திருப்பினால் சக்கரத்தோடு இணைந்த கம்பியான டோ லிங்க் உள்ளேயோ வெளியேயோ நகரும், டோ மாறும். சரியான இடத்தில் நிறுத்தி நட்டை முறுக்கிவிட்டால், அதற்கப்புறம் பிடித்திருப்பது வெறும் உராய்வு மட்டுமே. சாலையில் அது போதும். ஒட்டும் டயரைப் போட்டு, ட்ராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏற்றி, முழு பிரேக் அடித்து ஓட்டினால் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்றுவிடும். வாஷருக்கு அடியில் துருவோ எண்ணெயோ இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இதற்குத் தீர்வு உண்டு. வாஷரை எடுத்துவிட்டு, சுழலவே முடியாத சதுரமான லாக் பிளேட்டைப் போடுவார்கள். அதன் பிறகு கேமை வைத்து டோ செட் பண்ண முடியாது என்பதால் நீளத்தை மாற்றக்கூடிய டோ லிங்க்கும் கூடவே வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு வேலை.

ஒர்க்‌ஷாப் ஓனர் தர்மபுரிக்காரர், தமிழில் பேசினார். இந்த ஊரில் கேரேஜில் ஒருவர் தமிழில் பேசிவிட்டால் நமக்குப் பாதி சந்தேகம் போய்விடுகிறது. இரண்டு டோ லிங்க், நான்கு லாக் பிளேட், புது போல்ட், புது நட்டு, அலைன்மென்ட் என்று தனித்தனியாக எழுதி 62,000 ரூபாய்க்கு பில் கொடுத்தார். எல்லா அளவும் சரி என்று எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்த அலைன்மென்ட் பிரிண்ட் அவுட்டும் கையில் தந்தார். நானும் குனிந்து பார்த்தேன். புது லிங்க் பளபளவென்று தெரிந்தது, போல்ட் சுழன்றால் தெரிவதற்காகப் போடும் வெள்ளை பெயின்ட் கோடு, போல்ட் தலையிலிருந்து அது மாட்டியிருக்கும் பிராக்கெட் வரை இருந்தது. திருப்தியாகக் கிளம்பிவிட்டேன்.

இருங்காட்டுக்கோட்டையில் மூன்றாவது செஷன். மெயின் ஸ்ட்ரெய்ட்டில் நேராகப் போகிறேன், ஸ்டீயரிங் நடுவிலிருக்கும் சின்னம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. காலையில் நேராக இருந்தது. அடுத்த சுற்றில் பிரேக் அடித்ததும் பின்பக்கம் வாலாட்டியது. மெதுவாக ஓட்டி உள்ளே வந்துவிட்டேன்.

கூட வந்திருந்த ஓசூர் நண்பன் ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, செல்போன் டார்ச்சோடு அடியில் போனான். இரண்டு நிமிடம் சத்தமே இல்லை. "டேய், இதுல பிளேட்டே இல்லடா. பழைய வாஷர்தான் இருக்கு." வெள்ளைக் கோடு இரண்டாக உடைந்திருந்தது. போல்ட் தலையில் பாதி, பிராக்கெட்டில் பாதி, நடுவே ஒரு விரல் நகம் அளவு இடைவெளி. வாஷர் தேய்ந்த இடத்தில் பிறை மாதிரி பளிச்சென்று ஒரு கீறல். போல்ட்டும் பழையதுதான், துருவின் மேலேயே கோடு போட்டிருக்கிறார்கள்.

அங்கே அலைன்மென்ட் மெஷினுக்கு எங்கே போவது? நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, நைலான் நூல், ஒரு ஸ்டீல் ஸ்கேல். சக்கர மையத்தின் உயரத்தில் காருக்கு இணையாக இரண்டு பக்கமும் நூலைக் கட்டி, ரிம்மின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் அளந்தோம். இடது பின்சக்கரத்தில் முன்விளிம்பு நூலிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளி இருக்க வேண்டும். மாறாக 2 மில்லிமீட்டர் நெருங்கி இருந்தது. அதாவது சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் சாய்ந்ததும் வால் ஆடியதும் இதனால்தான். ஓரளவு சரிசெய்து, முறுக்கி, எண்பதுக்கு மேல் போகாமல் பெங்களூரு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஓனரிடம் போனேன். "ட்ராக்ல ஓட்டினா அலைன்மென்ட் போகத்தான் சார் செய்யும்" என்றார். "போகக்கூடாதுன்னுதானே அண்ணா பிளேட் போடச் சொன்னேன்?" என்று போட்டோவைக் காட்டினேன். "பையன் மறந்துட்டான் போல." பையன் மறந்தால் பிளேட் கடையில் கிடக்க வேண்டுமே, அதைக் கொடுங்கள் என்றேன். பதில் இல்லை. இலவசமாக இன்னொரு அலைன்மென்ட் செய்து தருகிறேன் என்றார்! பத்து நாள் வாட்ஸ்அப்பில் இழுத்த பிறகு பிளேட், போல்ட் காசு மட்டும் திரும்பி வந்தது. லேபர் வரவில்லை. அதற்காக 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில்லில் ஒவ்வொரு பொருளும் தனி வரியாக இருந்ததால்தான் இவ்வளவாவது செய்ய முடிந்தது. "சஸ்பென்ஷன் வேலை" என்று ஒரே வரியில் பில் போட்டால் வாங்காதீர்கள்.

என் தப்பும் உண்டு. அந்த பிரிண்ட் அவுட் பொய் இல்லை. அன்று அந்த நிமிடம் சக்கரம் அங்கேதான் இருந்தது. அதை எது பிடித்திருக்கிறது என்பதைக் காகிதம் சொல்லாது, நானும் கேட்கவில்லை. கழற்றிய பழைய வாஷரைக் கையில் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இப்போது வேறொரு இடத்தில் பிளேட் போட்டாகிவிட்டது. லிஃப்டில் இருக்கும்போதே அடியில் நின்று பார்த்தேன். பிராக்கெட்டைத் துடைத்து, சக்கரங்கள் மேல் எடை இறங்கிய பிறகு இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்கி, அதற்கப்புறம் இன்னொரு முறை டோவை அளந்தார்கள். முறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்துவிடும் என்பதால் அந்தக் கடைசி அளவு முக்கியம். வெள்ளைக் கோட்டை நானே போட்டேன். பழைய வாஷர் நான்கும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன.